இந்தப் பக்கம் மேலே

முப்பத்தாறாவது பெட்டிக்கு மசி அடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் தகட்டுக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. கையிலிருந்த தகட்டைத் திருப்பிப் பார்த்தார். தப்பான தகடு.

பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலோடு சரி. கிடங்கில் எல்லாருக்கும் அவர் தகட்டுக்காரர். எழுத்து வெட்டிய தகட்டை மரப்பெட்டியின்மேல் அழுத்தி, மசி தோய்த்த தூரிகையால் நாலு குத்துக் குத்தினால் எழுத்து விழும். எந்தத் துறைமுகம், எத்தனை கிலோ, எந்தப் பக்கம் மேலே. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. விரல் இடுக்கில் ஏறிய கறுப்பு எந்த சோப்புக்கும் மசிந்ததில்லை.

கையிலிருந்த தகட்டில் ஓர் அம்புக்குறி. அதன் கீழே 'இந்தப் பக்கம் மேலே' என்று அந்த நாட்டு எழுத்து. அந்த நாடு என்றால் இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன வருஷம் பீரங்கியோடு பக்கத்து நாட்டுக்குள் புகுந்து, ஊர் ஊராக இடித்துக்கொண்டிருக்கிற நாடு. அது புகுந்த மறு மாதமே அரசாங்கம் தடை போட்டது. பேரிங், வால்வு, மோட்டார் ஒன்றும் அங்கே போகக் கூடாது. நேராகவும் கூடாது, இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டும் கூடாது. மீறினால் ஜெயில், சரக்கு கட்டியவருக்கும் சேர்த்து என்று கேன்டீன் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

இந்த நாற்பது பெட்டிகளின் காகிதத்தில் இருந்தது வேறு நாடு. சண்டையில் எந்தப் பக்கமும் சேராத நாடு. சரக்கு, ஆலை மின்விசிறிக்கான பேரிங். அந்த நாட்டுப் பெட்டிக்கு வெறும் அம்புக்குறித் தகடுதான். இருபத்து நாலு பெட்டி வரை அதைத்தான் அடித்தார். டீ குடித்துவிட்டு வந்து, மாட்டியிருந்த தகடுகளில் ஒன்றைப் பார்க்காமலே உருவினார். பன்னிரண்டு பெட்டிக்கு அடித்தும்விட்டார்.

பார்க்காமல் எடுத்த கை ஏன் இதை எடுத்தது? அதை நினைத்தால்தான் அவருக்கு வியர்த்தது. சோற்றுத் தட்டு அகலப் பேரிங், இரட்டை எண்ணெய்க் காகிதம், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. தடைக்கு முன்னால் வருஷக்கணக்காக அந்த நாட்டுக்குப் போன அதே சரக்கு, அதே பெட்டி. தலை தெரியாத மாதிரி இருந்துகொண்டது. கைக்கு நடிக்கத் தெரியவில்லை.

அந்தத் தகட்டை வெட்டும்படி யாரும் சொன்னதும் இல்லை. வெகு காலம் முன்பு அங்கே ஒரு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து இறக்கிய கூலியாளின் பாதம் நசுங்கிப்போனது. கூலிக்காரனுக்கு அவன் பாஷையில் எழுதினால்தானே புரியும் என்று, அந்த வாசகத்தோடு அங்கிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து எழுத்தை வரைந்து இவராக வெட்டினார்.

"என்னங்க, தூரிகையைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறீங்க? கொம்பன் வந்து முட்டப் போறான்."

மனைவி. அதே கிடங்கில் பேரிங்குக்குக் காகிதம் சுற்றுகிறவள். கொம்பன் என்றால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வண்டியின் முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு இரும்புக் கொம்பால் வந்த பேர்.

"இங்க வா. மெதுவாப் பேசு."

"மெதுவாவா? உங்க குறட்டைச் சத்தத்துக்கு மேல வீட்டுக்காரரே காலி பண்ணிட்டுப் போனார். என்னை மெதுவாப் பேசச் சொல்றீங்களா?"

அவர் சிரிக்காமல் தகட்டை நீட்டினார். அவளுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. அவருக்கும்தான் தெரியாது. ஆனால் நண்டு ஊர்ந்த மாதிரி எழுத்து என்று அவள்தான் அதற்குப் பேர் வைத்தவள்.

"ஐயோ, நண்டு எழுத்து." சத்தம் தானாக இறங்கியது. "எத்தனை பெட்டியில?"

"பன்னண்டு. அதுல எட்டு பெட்டி கண்டெய்னருக்குள்ள போயிடுச்சு."

"பேசாம அழிச்சுத் தொலைங்க. காகிதத்துல வேற ஊருதானே போட்டிருக்கு? நமக்கென்ன தெரியும்?"

"தெரியாமத்தான் இதை எடுத்தேனா?"

அவள் கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினாள். "எனக்கும் தெரியும். அஞ்சு வருஷம் சுத்தின அளவு. கேட்டா வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன்."

மேனேஜரிடம் சொல்லாமல் முடியாது. சொன்னார். மேனேஜரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"யாருய்யா உன்னை அந்தத் தகட்டைத் தொடச் சொன்னது? சுங்க அதிகாரி கேட்டுக்கு வந்தாச்சு. வெளிய இருக்கிற நாலுக்கும் பலகையை மாத்து. அதை முன்னால அடுக்கு. உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கட்டும்."

"அவர் உள்ள பார்த்துட்டா?"

"பார்த்துட்டா நீதான் பதில் சொல்லணும்." மேனேஜர் குரலைத் தணித்தார். "சரக்கைச் சோதிச்சுக் கட்டியவர்னு கீழ யார் கையெழுத்து இருக்கு? என்னோடதா? யோசிச்சு வாயைத் திற."

புருஷனும் பெண்டாட்டியுமாக ஆணியைப் பிடுங்கிப் பலகை மாற்றினார்கள். சுத்தியல் இரண்டு தடவை அவர் கட்டை விரலில் விழுந்தது. வலிக்கக்கூட இல்லை. ஜெயில், ஜெயில் என்று ஒவ்வொரு அடிக்கும் மண்டைக்குள் கேட்டது. மிச்சப் பெட்டியையும் சேர்த்து முன்னால் அடுக்கி முடித்தபோது அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

சின்ன வயது. நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே காகிதத்தைப் புரட்டினார். முன் வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

"இது வேண்டாம். பின்னால இருக்கிறதுல ஒண்ணை எடுங்க."

கொம்பன் முன் வரிசையை விலக்கி உள்ளே போனான். கொம்பில் தூக்கிக்கொண்டு வந்த பெட்டியைப் பார்த்ததும் தகட்டுக்காரர் கறுத்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நண்டு எழுத்து வெயிலில் பளபளத்தது.

அதிகாரி விரலால் தடவினார். "இது என்ன எழுத்து?"

"சரக்கு போற நாட்டு எழுத்து, சார்." மேனேஜர் முந்திக்கொண்டார். "இந்தப் பக்கம் மேலேன்னு போட்டிருக்கு. இல்லேன்னா கூலிக்காரங்க கவுத்துடுவாங்க."

"முன்னால இருந்ததுல இல்லையே?"

"அவசரத்துல இவர் விட்டிருப்பார் சார். வயசாயிடுச்சு."

"ம்." அதிகாரி தும்மினார். பெட்டியைத் திறந்து, பேரிங்குகளை எண்ணி, மூடச் சொன்னார். அவ்வளவுதான். பெட்டி உள்ளே போனது. கதவைச் சாத்தினார்கள். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தப்பித்தாயிற்று. அப்படித்தான் தோன்ற வேண்டும். ஆனால் தகட்டுக்காரருக்கு அப்போதுதான் நிஜமான பயம் பிடித்தது. இந்தப் பையனுக்கு எழுத்து தெரியவில்லை. பன்னிரண்டு நாளில் கப்பல் போய்ச் சேர்கிற துறைமுகத்தில் தெரியாதா? எங்கள் எழுத்தில்லையே இது என்று பெட்டி தூக்குகிறவனே சொல்வான். அங்கிருந்து ஒரு கடிதம் புறப்படும். அது இங்கே வரும்போது மேனேஜர் எந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவார் என்று அவருக்குத் தெரியும். பன்னிரண்டு நாளும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடும். பதின்மூன்றாம் நாள் நிஜமாகவே வருவார்கள்.

"சீல் போடறதுக்கு சாட்சியா கட்டினவர் ஒரு கையெழுத்து" என்று அதிகாரி காகிதம் செருகிய அட்டையை நீட்டினார்.

பேனாவை வாங்கினார். முள் காகிதத்தைத் தொட்டது, நகரவில்லை. அந்தப் பக்கம் மனைவி, சுற்ற எடுத்த காகிதத்தைச் சுற்றாமல் இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார்." பேனாவைத் திருப்பி நீட்டினார். "அது போற நாட்டு எழுத்து இல்லீங்க."

மேனேஜர் சிரித்தார். "சார், இவருக்கு அதைப் படிக்கவே தெரியாது."

"படிக்கத் தெரியாதுங்க. வெட்டினது நான்தான். அது சண்டை போடற நாட்டு எழுத்து. இந்தப் பேரிங்கு முன்னெல்லாம் அங்கதான் போயிட்டிருந்துச்சு."

கொம்பன் வண்டியை நிறுத்தினான். அதிகாரி கதவைத் திறக்கச் சொல்லி, பெட்டியைப் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். பதில் வரும் வரை ஒருத்தரும் அசையவில்லை. போன் சிணுங்கியது. படித்தார். கையிலிருந்த சீலைப் பைக்குள் போட்டார். மூக்கைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார்.

"யாரும் வெளிய போகக் கூடாது. இதுக்கு முன்னாடி இதே சரக்கு எத்தனை கண்டெய்னர் போச்சு?"

"இதான் சார் முதல்" என்றார் மேனேஜர்.

தகட்டுக்காரர் மனசுக்குள் எண்ணினார். மூன்று போயிருக்கிறது. மூன்றிலும் அவர் கையெழுத்து. இதைச் சொன்னால் தானே குழி தோண்டிப் படுத்த மாதிரி. மனைவி எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை.

"மூணு, சார்" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "சொல்லிடுங்க. பாதி சொன்னா பாதி பொய்னுதான் எழுதுவாங்க."

"மூணு" என்றார் அவரும். "கையெழுத்து என்னோடது. எங்க போகுதுன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டார். நல்லது என்றோ கெட்டது என்றோ அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. "அடையாள அட்டை."

சட்டைப் பையைத் தடவினார். இல்லை. அவருடைய அட்டையைத் தொலைத்துவிடுவார் என்று மனைவிதான் தன் அட்டையோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பாள். இடுப்பிலிருந்து எடுத்து, வளையத்தைக் கழற்றப் போனாள்.

"நீங்களும் இங்கதான் வேலையா?"

"ஆமாங்க. சுத்தறது."

"இந்தப் பேரிங்கை?"

அவள் வாயைத் திறந்தாள். தகட்டுக்காரர் அவள் முன்னால் ஓர் அடி வைத்தார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அதிகாரி கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் அவள், வளையத்தைக் கழற்றாமலே, இரண்டு அட்டையையும் அவர் கையில் வைத்தாள்.