நான் ஜெயித்த பட்டிமன்றம்

பட்டிமன்றத்தில் நமக்கு எது சரி என்று படுகிறதோ அதைப் பேசுவதில்லை. எந்த அணியில் ஆள் குறைகிறதோ அங்கே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. பூலாம்பாடி கோயில் திருவிழாவில் எனக்கு வாய்த்தது ‘கூடாது’ அணி. வரவுக்கு மேல் செலவு செய்து கடனில் விழுந்த மாநில அரசை டெல்லி கைதூக்கிவிட வேண்டுமா, கூடாதா என்பது தலைப்பு. சாமி கும்பிட வந்த சனத்துக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். நடுவர் தமிழழகன் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் மருமகள் தலைப்பெல்லாம் அவருக்கு ஆகாது.

என் பெயர் செல்லதுரை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ‘உள்ள போ, உள்ள போ’ என்று கத்தியே வளர்ந்த வாய் இது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்திருக்க வேண்டிய பணம் இன்னும் வரவில்லை. ஆபீஸில் கேட்டால், அரசு கொடுத்தால்தான் உங்களுக்கு என்கிறார்கள். அரசைக் கேட்டால் கஜானா காலி என்கிறது. டெல்லி தரவில்லை என்று இவர்களும், கண்டபடி செலவழித்தார்கள் என்று அவர்களும் தினம் டிவியில் மல்லுக்கட்டுகிறார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் எரிச்சல். இப்போது ஒரு மண்ணும் வருவதில்லை. போவேன், ‘இன்னும் ஆர்டர் வரலீங்க’ என்பார்கள், டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன். பல் பிடுங்க ஊசி போட்டதும் உதடு மரத்துக் கிடக்குமே, மனசு அப்படித்தான் கிடக்கிறது.

அந்தப் பணத்தை நிஜமாக நம்பிக்கொண்டிருந்தவள் என் மனைவி ஆண்டாயிதான். மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. அடைக்க இரண்டு வழி. ஒன்று என் பணம். இன்னொன்று கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் அவள் அப்பன் அவளுக்கு எழுதிவைத்த கொல்லை, கடலை விளையும் புஞ்சை நிலம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்க விற்றுவிட்டார்கள். வரப்பை ஒட்டியே மெசின் தோண்டிய பள்ளம். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். நடுவில் இவள் துண்டு மட்டும் பச்சையாக நிற்கிறது. புரோக்கர் மகேஷ் வீட்டுக்கு நடையாய் நடந்தான். “அவரு பணம் வந்துரும் தம்பி. கொல்லை விக்கிறதுக்கில்ல” என்று ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்து அனுப்பிவிடுவாள். காலையில் அந்த மண்ணைப் போய் மிதித்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

திருவிழாவுக்கு அவளும் கிளம்பினாள். “உங்க பேச்ச ஊரே சொல்லுது, நானும் ஒருதடவ கேட்டுட்டு வரேனே” என்றாள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

எதிரணியில் ஜெயசித்ரா டீச்சர் முதலில் பேசினார். கிணற்றில் விழுந்தவனிடம் ஏன் விழுந்தாய் என்று விசாரணையா நடத்துவீர்கள், கயிற்றைப் போடுங்கள் ஐயா என்றார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வீண் செலவா என்று கேட்டார். நல்ல கைதட்டல். எனக்கே கைதட்டலாம் போலத்தான் இருந்தது.

நான் மைக்கைப் பிடித்தேன். “டீச்சரம்மா கயித்தப் போடச் சொன்னாங்க. போட்டோமே. ஏறி வந்தான், தலையத் துவட்டுனான், சூடா ஒரு காப்பி குடிச்சான், திரும்பப் போயி அதே கெணத்துல குதிச்சான். மாமனாரு அடைப்பாருன்னு தெரிஞ்சா எந்த மாப்பிள்ளைங்க அளந்து செலவு பண்ணுவான்?”

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அது சிரித்துவிட்டால் என் நாக்குக்குக் கடிவாளம் கிடையாது.

“என்னையே பாருங்க. கண்டக்டரா ரிட்டயர்டு ஆனவன். என் பணம் வருமா? வராது. வட்டி கட்டவே கடன் வாங்குற வூட்டுல, வேலைய விட்டுப் போனவனுக்கு எவன் கணக்குத் தீப்பான்? டெல்லி அள்ளிக் குடுத்தாலும் பாதி பழைய வட்டிக்குப் போவும். மீதி அடுத்த எலெக்சனுக்கு அறிவிப்பா போவும். பந்தியில கடைசி எலையில உக்காந்திருக்கேன் நான். என்கிட்ட வர்றப்ப வாளியில கரண்டி மட்டும்தான் இருக்கும்.”

அடேயப்பா, அப்படி ஒரு கைதட்டல். “அடிபட்டவரே சொல்றார், இதுக்கு மேல சாட்சி வேணுமா?” என்று நடுவர் எங்கள் அணிக்கே தீர்ப்பைக் கொடுத்தார். தோளில் பொன்னாடை விழுந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆண்டாயி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். “நல்லா பேசுனீங்க” என்றாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தால் மகேஷ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

“பேச்சு பிரமாதமாமே அண்ணே, பூலாம்பாடியில எங்க சித்தப்பா சொன்னாரு. அக்கா விடியக்காலமே போன் பண்ணி அட்வான்ஸ் கொண்டாரச் சொன்னாங்க” என்றான்.

ஆண்டாயி தலையைக் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏ புள்ள, மேடையில பேசுறது வேசம். எனக்கு அந்தப் பக்கம் வாச்சுது, பேசுனேன். டீச்சர் பக்கம் வாச்சிருந்தா அதையும்தான் பேசியிருப்பேன்” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதாங்க?” என்றாள். குரல் ஏறவில்லை. “நீங்க பொய் சொன்னா எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். வந்துரும், வந்துரும்னு வூட்டுல சொல்லுவீங்க பாருங்க, அப்பதான் மூஞ்சி ஒருமாதிரி ஆவும். நேத்து ஆவல.”

மகேஷ் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

“சரி, இப்ப சொல்லுங்க. பணம் வரும்னு என் மூஞ்சியப் பாத்து ஒருதடவ சொல்லுங்க. இந்தத் தம்பிய இப்படியே அனுப்பிடறேன்.”

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் கொல்லை தப்பித்துவிடும். வாயைத் திறந்தேன். ஊரையே சிரிக்கவைத்த வாய், திறந்தபடியே இருந்தது. பாழாய்ப்போன கண்ணீராவது வரும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

அவள் காத்திருந்தாள். பிறகு மகேஷ் பக்கம் திரும்பினாள்.

“கடல இன்னும் பறிக்கல தம்பி. அதுவரைக்கும் மெசின எறக்க வேணாம்னு சொல்லுங்க.”