பஸ்ரியாம்பிள்ளையின் வாலில்லாக் குரங்கு

ஸ்கானரும் மடிக்கணினியுமாக நிலக்சனா நெடுந்தீவில் வந்து இறங்கிய நேரத்திலிருந்து மேரிஜோசப்பினுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குரங்கே நேரில் வந்திருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். ஏனென்றால் அந்தக் குரங்கு அவள்தான்.

ஊரில் ஒருவரும் கண்ணால் காணாத வாலில்லாக் குரங்கு அது. அதன் காலடிகளில் பிளாஸ்ரர் ஊற்றி எடுத்த அச்சுகளை, கலியாணப் பீங்கான்களை வெளியே தள்ளிவிட்டு, அவள் புருஷன் பஸ்ரியாம்பிள்ளை அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார். தூசி தட்டக்கூட அவளை விடமாட்டார். இப்போது யாழ்ப்பாணத்து ஆவணக்காப்பகம் ஒன்று அவற்றைக் கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்த நிலக்சனாவை அனுப்பியிருந்தது. மனுஷன் விடிய எழும்பிச் சவரமும் எடுத்துவிட்டார்.

வள்ளத்தில் இடுப்பை முறித்துக்கொண்ட பிறகு, கடலுக்குப் போக வழியில்லாமல் முகட்டைப் பார்த்தபடி கிடந்தவர் அவர். சாப்பாடு வேண்டாம், பேச்சும் வேண்டாம். இப்படியே விட்டால் ஆளைப் பறிகொடுத்துவிடுவேன் என்று பயந்துதான், வலைக்குக் கட்டும், வெள்ளை உருண்டைகள் ஒட்டிச் செய்த றெஜிபோம் மிதவையை மீன்கத்தியால் பெரிய பாதமாகச் செதுக்கி, மழை விட்ட ஒரு விடியலில் கேணிக்கரைச் சேற்றில் அமத்திவிட்டு வந்தாள். அதைப் பார்க்கவென்று எழும்பியவர் பிறகு படுக்கவில்லை. ஊன்றுதடியோடு தீவெல்லாம் அலைந்தார். மழைக்கு மழை அவளும் அமத்தினாள். வீட்டில் மறுபடி சிரிப்புக் கேட்டது. அது போய்விடுமோ என்பதுதான் இப்போது அவளுடைய பயமெல்லாம்.

திரையில் பாதம் சுழன்றது. நிலக்சனா அதைப் பெரிதாக்கினாள். உள்ளங்கால் முழுக்கச் சவ்வரிசி கொட்டினாற்போலச் சின்னச் சின்ன உருண்டைகள்.

"ஐயா, இதென்ன இப்பிடிக் கிடக்கு?"

"தோல், பிள்ளை. கல்லிலயும் முள்ளிலயும் நடக்கிற சீவனெல்லே" என்றார் பஸ்ரியாம்பிள்ளை, தானே பெற்று வளர்த்ததுபோல.

"றெஜிபோம் மாதிரியெல்லோ கிடக்கு..."

"தேத்தண்ணியைக் குடியும் பிள்ளை, ஆறப் போகுது" என்று மேரிஜோசப்பின் குறுக்கே விழுந்தாள். அந்தோனியாருக்கு மனதுக்குள் மெழுகுதிரி நேர்ந்தாகிவிட்டது.

நிலக்சனா கடைசி அச்சை எடுத்தாள். "இதில உருண்டை ஒண்டும் இல்லை. விரலும் வேற மாதிரி."

மேரிஜோசப்பின் எட்டிப் பார்த்தாள். அது அவள் அமத்தியதல்ல. பின்பக்கத்தில், கிறிஸ்மஸ் நேரம் எடுத்ததென்பதற்கு, ஆணியால் 'நத்தார்' என்று கீறியிருந்தது. அந்த நத்தாருக்கு அவள் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணத்தில் நின்றாள்.

"அது வேற ஆள்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை, மனைவியின் பக்கம் திரும்பாமல். "மற்றதெல்லாம் பொம்பிளை. இது ஆம்பிளை. அந்த மாசம் பொம்பிளையின்ர காலடியைக் காணேல்லை. ஏன் காணேல்லை, ஆர் ஊரில இல்லை எண்டு சனம் யோசிக்கத் துவங்கிட்டுது. அவளை ஆரும் பிடிச்சுப்போடக் கூடாதெண்டு, பாவம், இது இடுப்பு நோவோட சேத்தில இறங்கினது."

மேரிஜோசப்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எல்லாம் தெரிந்துகொண்டா இந்த மனுஷன் இத்தனை மழையிலும் தடியை ஊன்றிக்கொண்டு புறப்பட்டார்!

நிலக்சனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான் என்னெண்டு பதியிறது?"

"சோடி எண்டு பதியும், பிள்ளை" என்றாள் மேரிஜோசப்பின்.