குழி தோண்டக் கூடாத நாள்

மூன்று வருடமாகக் கண்ணில் படாத லாரி, மைலேஸியின் வீட்டில் பிணம் கிடந்த அன்றைக்குத்தான் சிம்பலாங்கா கிராமத்துக்குள் வந்து நின்றது. அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

தமாண்டா, அரசின் தண்ணீர்த் திட்டம் ஒன்றில் களப்பணியாளர். இந்த ஊரிலேயே ஓர் அறை பிடித்துத் தங்கி, கை கழுவுங்கள் என்று தொண்டை வறளக் கத்தி, கழிப்பறைக்கு இடம் காட்டி, மாவட்ட அலுவலகத்தில் போகிறவன் வருகிறவன் காலையெல்லாம் பிடித்து வாங்கிய லாரி அது. ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரம் ஊருக்குள் நுழையும்போது பெண்கள் எப்படிக் குலவையிடுவார்கள் என்று எத்தனையோ முறை மனதுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அன்று காலை கேட்டதோ ஒப்பாரி. மைலேஸியின் மகள் தியோங்கே, எட்டு வயதுப் பெண், வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். மாடும் பன்றியும் மனிதரும் சேர்ந்து வாய் வைக்கிற சதுப்புக் குட்டைதான் காரணம் என்று தமாண்டாவுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

துளை போடும் ஆட்களுக்கு மேஸ்திரி மோஃபட். அழுகைச் சத்தம் கேட்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கினான்.

"யாரும்மா?"

"சின்னப் பொண்ணு."

"அடப்பாவமே. எப்ப எடுக்கறாங்க?"

"தாய்மாமன் வரணும். ஏரிக்கரையில மீன் யாவாரம் பண்றவரு. பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காராம்."

மோஃபட் மேகத்தைப் பார்த்தான். "இந்த வருஷத்துக்கு ஒரே ஒரு துளைதான் மிச்சம். இங்க இல்லன்னா ஓடைக்கு அந்தாண்ட இருக்கற நம்போமா ஊருக்கு. நாளைக்கு வண்டி டவுனுக்குத் திரும்பணும். மழை இறங்கிட்டா இந்த ரோட்ல நகராது. மத்தியானம் வரைக்கும் நிக்கிறேன். அப்புறம் என்கிட்ட அழுது புண்ணியமில்ல."

பிணம் வீட்டில் இருக்கும்வரை ஊரில் எவனும் மண்வெட்டியைத் தொடக் கூடாது. அன்று மண் திறப்பது ஒரே இடத்தில்தான், அதுவும் குழிவெட்டிகள் கையால். சாவு நாளில் ஊர்த் தலைவரும் அவர்களுக்குக் கீழேதான். போன வருடம் பிணம் கிடக்கும்போது கடலைக் காட்டில் களை கொத்தியவனின் ஆட்டைப் பிடித்து வந்து சமைத்துத் தின்றார்கள். அவன் மூச்சுக் காட்டவில்லை.

தலைவர் கலிமன்ஜிரா நல்ல மனிதர். அதாவது, யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். "எனக்கென்னம்மா, தாராளமா போடட்டும். ஜெனாசிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று நழுவினார்.

குழிவெட்டிகளுக்குப் பெரியவன் ஜெனாசி. மரத்தடியில் தன் ஆட்களோடு சாவு வீட்டிலிருந்து வரவேண்டிய கோழிக்கறிக்கும் களிக்கும் காத்திருந்தான்.

"வா டீச்சர். கை கழுவச் சொல்ல வந்தியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணே, மெஷின் வந்துருக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"இன்னிக்குப் போடலைன்னா நம்போமாக்காரங்களுக்குப் போயிடும்."

"போகட்டும். பொணம் படுத்திருக்கையில இன்னொரு குழி தோண்டினா அந்தக் குழியும் ஆள் கேக்கும். யாரைக் குடுக்கப் போறே? நீ இறங்குறியா?"

"குட்டை கேக்கலையா, அண்ணே? வருஷா வருஷம் ஆள் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு?"

சிரிப்பு நின்றுபோனது. போன மழைக்காலத்தில் ஜெனாசியின் பேரனும் அப்படித்தான் போனான்.

"அந்தப் பேச்ச எடுக்காதே" என்றான் ஜெனாசி, குரலை இறக்கி. "குழி தயாரா இருக்கு. மாமன் வந்து இறங்கினதும் புதைச்சிட்டு வந்துடறோம். அப்புறம் உன் மெஷினுக்கு நானே தோள் குடுக்கிறேன். போதுமா?"

போதும். அதோடு அவள் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று வருடம் காத்திருந்தவளுக்கு அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் காத்திருக்க முடியவில்லை. பஸ் வழியில் பழுதாகி நிற்கிறது என்று மாமனிடமிருந்து போன் வந்தது. வெயில் தலைக்கு நேரே ஏறியது. மோஃபட்டின் ஆட்கள் லாரியின் தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். தமாண்டா எழுந்தாள். யாரையும் கேட்காமல் சாவு வீட்டுக்குள் போனாள்.

பெண்கள் தரையில் கால் நீட்டி நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் மண்டியிட்டு நகர்ந்து, துணி போர்த்திய சின்ன உடம்பின் பக்கத்தில் இருந்த மைலேஸியின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, மெஷின் போகப்போகுது. பெத்தவ நீ. நீ ஒரு வார்த்தை சொன்னா யாரும் தட்ட முடியாது."

மைலேஸி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்தாள். அடக்கம் முடியும்வரை தாய் பிணத்தை விட்டு எழக் கூடாது. இவள் எழுந்து வெளியே வந்து, வெயிலில் நின்று கத்தினாள்.

"தோண்டுங்கடா! எம் பொண்ண அந்தத் தண்ணிதாண்டா கொன்னுச்சு! அவ கிடக்கட்டும், நீங்க தோண்டுங்க! இதோ இங்க இன்னொருத்தன் இருக்கான், அவனையும் நான் குட்டைக்கே குடுக்கணுமா?" முதுகில் துணியில் கட்டியிருந்த மகனைத் திருப்பிக் காட்டினாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் உண்மைக்கு அன்று அந்த ஊரில் என்ன மரியாதை?

"பிள்ளை உடம்பு இன்னும் ஆறல. இவளுக்குத் தண்ணி கேக்குது!" என்றாள் மைலேஸியின் நாத்தனார்.

பின்னாலிருந்து இன்னொரு குரல், மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது: "இதுக்காகத்தான் குடுத்தாளோ?"

அவ்வளவுதான். பெரிய பொருள் எதற்காவது ஆசைப்படுகிறவர்கள் தங்கள் வீட்டு மனிதர் ஒருவரைச் சூனியத்துக்கு விலையாகக் கொடுப்பார்கள் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை. தமாண்டாவுக்கும் தெரியும், அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. பெற்றவள் அழுதால்தான் பெற்றவள், கேட்டால் வேறு யாரோ என்பது அவளுக்கு எப்படி மறந்துபோயிற்று? படித்த படிப்பு அந்த ஒன்றை மட்டும் தின்றுவிட்டது போலும்.

அந்த நேரம் பார்த்து மாமன் வந்து இறங்கினார், யாரோ ஒருவரின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து, சட்டையெல்லாம் மீன் வாடையோடு. தமாண்டா அவரை விட்டு நேரே மோஃபட்டிடம் ஓடினாள்.

"வந்துட்டாரு! ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம்!"

"சரி, நிக்கிறேன் போ" என்றான் மோஃபட். அவனுக்கும் பிள்ளைகள் இருந்தன.

ஆனால் அதற்குள் மாமன் காதில் எல்லாம் போட்டாகிவிட்டது. அவர் லாரியின் முன்னால் வந்து நின்றார்.

"இந்த வண்டி இங்க ஒரு துளை போட்டாலும், எங்கக்கா பொண்ணை வித்து வந்த தண்ணின்னு ஊரே சொல்லும். எங்கக்கா எப்படி உசுரோட இருப்பா? எடுங்க வண்டிய. இப்பவே எடுங்க."

தமாண்டா ஜெனாசியைப் பார்த்தாள். காலையில் தோள் கொடுப்பதாகச் சொன்னவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இடுகாட்டுப் பக்கம் நடந்தான். தலைவர் கலிமன்ஜிரா செருப்பில் ஏதோ தேடினார்.

லாரி போயிற்று. பிள்ளையைக் குழிக்குள் இறக்கும்போது ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து இயந்திரச் சத்தம் கேட்டது. பாதிரியார் குரலை உயர்த்திப் பார்த்தார், முடியவில்லை. மண் மூடி முடிப்பதற்குள் அந்தச் சத்தத்துக்கு மேலே குலவை எழுந்தது. நம்போமாப் பெண்கள் விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கிக் குலவையிட்டார்கள். தமாண்டா ஆசையாய்க் கேட்க நினைத்த அதே குலவை. இந்தப் பக்கம் ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

நம்போமாவின் புதுக் குழாயடிக்குச் சிமெண்ட் பூசிக் காய்ந்ததும் சிம்பலாங்காப் பெண்கள் வாளியோடு ஓடையைத் தாண்ட ஆரம்பித்தார்கள். நம்போமாக்காரிகள் தங்களுக்குப் பிடித்து முடித்த பிறகு, நாலு குத்தல் பேச்சோடு விட்டார்கள். ஜெனாசியின் மனைவி போனாள். நாத்தனார் போனாள். மெதுவாகப் பேசிய அந்தக் குரலுக்குரியவளும் போனாள். மைலேஸியை மட்டும் விடவில்லை. அவள் வாளியை வைத்தால் அந்தத் தண்ணீர் தங்கள் பிள்ளைகளையும் விலை கேட்கும் என்றார்கள். தமாண்டா போய்க் கெஞ்சினாள், சண்டை போட்டாள், கூட்டம் கூட்டிப் பேசினாள். தலையாட்டினார்கள். மறுநாளும் விடவில்லை.

கடைசியில் தமாண்டா தானே ஒரு வாளி பிடித்து, தலையில் சுமந்து மைலேஸியின் வாசலில் இறக்கினாள். பையன் நிழலில் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்திருந்தது.

"அக்கா, இது நம்போமாத் தண்ணி. தினம் நானே கொண்டு வர்றேன்."

மைலேஸி அந்த வாளியைத் தொடவில்லை.

"நீ கொண்டு வந்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு உன்னையும் விட மாட்டாங்க. அப்புறம் இந்தத் தண்ணியக் குடிச்சு இவனும் போனா, மறுபடியும் நான்தான் வித்தேம்பாங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தமாண்டா தாங்கியிருப்பாள். "நீ எனக்குப் பண்ணின நல்லது போதும், தங்கச்சி. எடுத்துக்கிட்டுப் போ."

பிறகு உள்ளே போய்ப் பானையிலிருந்து குட்டைத் தண்ணீரை ஒரு கோப்பை மொண்டு வந்து, பையனின் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.