அன்புச்செல்வி சரிபார்த்த பாடம்

சரவணம்பட்டி சிக்னலில் சிவப்பு விழுந்ததும் அன்புச்செல்வி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கைப்பேசியை எடுத்தாள். அவள் ஒரு நர்சிங் கல்லூரியில் விரிவுரையாளர். முந்தின நாள் எடுத்த மூன்று வகுப்புகளின் சுருக்கம் திரையில் காத்திருந்தது. ஒவ்வொன்றின் கீழும் ‘படித்துச் சரிபார்த்தேன்’ என்று ஒரு பொத்தான். மூன்றையும் மடமடவென்று அமுக்கினாள். சிக்னல் மாறுவதற்குள் மூன்று பாடங்களும் மாணவிகளின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அது கல்லூரி வாங்கிப் போட்ட மென்பொருள். ஆசிரியர் வகுப்பில் பேசுவதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுக்கும். ஆசிரியர் அதைப் படித்துத் திருத்திய பிறகுதான் அனுப்ப வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். மதித்தவர்தான் ஒருவரும் இல்லை. டீ குடித்துக்கொண்டே அமுக்கினார்கள், சீரியல் பார்த்துக்கொண்டே அமுக்கினார்கள். மாணவிகளோ வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய உபகாரம் என்று ஆகிவிட்டது. “சாயங்காலம் சம்மரி வந்துருமுங்க மேடம்” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொல்லிக் கொடுக்கிறவர்களும் படிக்கிறவர்களும் கூட்டுச் சேர்ந்து நடத்திய இந்தக் கூத்துக்கு நவீனக் கல்வி என்று வாசலில் பேனர் வேறு. பார்க்கவே குமட்டும்.

அன்புச்செல்வி மோசமான ஆசிரியை அல்ல. எச்சரிக்கைகளைக் கதையாகச் சொன்னால்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்று நம்புகிறவள். பொட்டாசியம் மருந்தைப் பற்றிய வகுப்பில், தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணெதிரே இறந்துபோன ஒரு லாரி டிரைவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். “மருந்தைக் கலக்காம, ஊசியில நேரா ரத்தத்துல ஏத்திப்போட்டாங்க. அப்பவே இதயம் நின்னுபோச்சு. பெரிய பாட்டில்ல கலந்து, மெதுவா, சொட்டுச் சொட்டாத்தான் ஏத்தோணும். மறந்துபோடாதீங்க கண்ணுகளா.”

மென்பொருளுக்கு அது சொந்தக் கதை, பாடம் அல்ல. கதையை வெட்டியபோது எச்சரிக்கையும் அதோடு போய்விட்டது. ‘பொட்டாசியம் குறைந்தால், பொட்டாசியம் குளோரைடு மருந்தை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்த வேண்டும்’ என்ற ஒரே வரிதான் மிஞ்சியது. அரை நிமிடம் படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அன்று சிக்னலில் அவள் அமுக்கிய மூன்றில் அதுவும் ஒன்று.

இரண்டு மாதம் கழித்து நவ்யா என்ற இறுதியாண்டு மாணவி ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போனாள். அவள் பார்த்துக்கொண்ட நோயாளி சின்னாத்தாள், காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் தேங்காய் உடைக்கும் பெண். மூன்று நாள் வயிற்றுப்போக்கில் உடம்பில் பொட்டாசியம் குறைந்து துவண்டு கிடந்தாள். டாக்டர் பொட்டாசியம் எழுதியிருந்தார். “மருந்தை எடுத்து வை, நான் வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்குப் போன நர்ஸ் சபுரா திரும்பிப் பார்த்தபோது, நவ்யா கலக்காத மருந்து நிரப்பிய ஊசியைச் சின்னாத்தாளின் கையில் சொருகியிருந்த குழாயில் பொருத்திவிட்டிருந்தாள். சபுரா பாய்ந்து வந்து, மருந்து ஏறுவதற்குள் ஊசியைப் பிடுங்கினார்.

“யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?”

நவ்யா கைப்பேசியை நீட்டினாள். “பாடத்துல இவ்வளவுதானுங்க சிஸ்டர் இருக்குது. மேடம் சரிபாத்ததுங்க.”

அன்று மத்தியானம் கல்லூரி முதல்வர் லட்சுமிநாராயணன் அறையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. பாடத்தில் குறை இல்லை, மாணவி வகுப்பைக் கவனிக்கவில்லை, ஆகவே கல்லூரியை விட்டு நீக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. நவ்யாவுக்குப் படிப்பு முடிய இன்னும் நான்கே மாதம். அன்புச்செல்வி கையெழுத்துப் போட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

“போடுங்க மேடம். கிளாஸ்ல தூங்குன புள்ளைதானுங்க அது. நீங்க எதுக்குப் பயப்படறீங்க?” என்றார் முதல்வர்.

அன்புச்செல்வி பேனாவை எடுத்தாள். போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கதவோரம் நவ்யா அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள், சாட்சி சொல்ல வந்த சபுரா பக்கத்தில் நின்றார். இந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாளை எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது? தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

“இவ தூங்குனது நெசந்தானுங்க சார். ஆனா படிச்சுப் பாத்தேன்னு பொய் சொல்லி அந்தப் பாடத்தை அனுப்பினது நானுங்க.”

“மிஷின் பண்ணுன தப்புங்க மேடம் அது. நீங்க உள்ள வந்தா உங்க வேலை போயிரும்.”

“மிஷினு வெட்டிக் குடுக்குமுங்க. வெட்டுனது சரியான்னு பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். யாரு சுருக்கிக் குடுத்தாலும், படிக்காம ‘பாத்துட்டேன்’னு சொல்றது திருட்டுத்தனம். நம்ம தொழில்ல அது கொலைக்குச் சமமுங்க.”

கடிதத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, தன் தவற்றை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் கையெழுத்து இல்லாமல் நவ்யாவை நீக்க முடியாது. விசாரணை இனி அன்புச்செல்வியின் பேரில்தான். “நானும் எழுதித் தாரேனுங்க. மேடம் வகுப்புல சொன்னாங்களாம், நான் தூங்கிட்டேன்” என்றாள் நவ்யா. முதல்வர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

கதவோரம் நின்ற சபுரா கேட்டார்: “எல்லாஞ் சரிங்க. படுத்திருக்கிற அந்த அம்மாகிட்ட யாராச்சும் போய்ச் சொன்னீங்களா?”

யாரும் சொல்லியிருக்கவில்லை. யாருக்கும் நினைவே வரவில்லை. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

அன்புச்செல்வியும் நவ்யாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சின்னாத்தாளின் கையில் பொட்டாசியம் இப்போது பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். சின்னாத்தாள் சத்தம் போடாமல் சொன்னாள்:

“எனக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதுங்க அம்மணி. டாக்டரு சீட்டுல என்ன எழுதறாருன்னும் தெரியாது. தெரிஞ்ச நீங்க பாத்திருப்பீங்கன்னுதான் கையை நீட்டிப்போட்டுப் படுத்திருக்கறேன். நீங்களே பாக்கலைன்னா, நாங்க ஆரை நம்பிக் கையை நீட்டறதுங்க?”