தலைவர் வீட்டுப் பன்றி

கோல்டர் கிரீக் வட்டாரத்தில் காட்டுப்பன்றி என்று யாராவது வாயெடுத்தால் லீலண்ட் ஷ்ரேடர் பெயரும் கூடவே வரும். பன்றி ஒழிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தீவனக் கடைக்குப் போனால் வந்த வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் இல்லை. மூட்டைமேல் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரே ராத்திரியில் ஒரு வயலைப் பன்றிகள் எப்படிக் குதறிப்போட்டன என்று ஆரம்பித்தாரானால் கேட்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். பன்றிக்கு இரக்கப்படுகிறவன் டெக்சாஸில் இருக்கவே லாயக்கில்லை என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பன்றி வளர்ந்தது. பெயர் மிஸ் லூலா.

கொண்டுவந்தது வேறு யாருமில்லை, சாட்சாத் தலைவரேதான். ஒரு குளிர்காலத்தில் தாய்ப்பன்றியைச் சுட்டுவிட்டுக் கிட்டே போனால், செத்த தாயின் மடியை விடாமல் ஒரு குட்டி முட்டிக்கொண்டு கிடந்தது. துப்பாக்கியைத் தூக்கினார், இறக்கினார், குட்டியைத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். “ஒரு ராத்திரிக்குத்தான்” என்றார் மனைவி ஆர்டித்திடம். அவள் புட்டிப்பால் கொடுத்தாள். இப்போது லூலா கன்றுக்குட்டியைவிடப் பெரிது. பெற்ற பிள்ளைகள் டாலஸில் இருந்துகொண்டு பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்கிறார்கள். லூலாவோ ஆர்டித்தின் பாவாடையை முகர்ந்துகொண்டு பின்னாலேயே சுற்றும். விஷயம் வேலிக்கு வெளியே போகவில்லை. போனால் தலைவர் மானம் கப்பலேறிவிடும்.

பக்கத்துப் பண்ணை டாயில் ப்ரூயிட் ஒருநாள் மத்தியானம் வந்து வண்டியை நிறுத்தினார். லீலண்டுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி.

“என் கடலைக்காடு போச்சுடா” என்றார். “ஒரு பெரிய பொட்டப்பன்னி, பின்னாடி ஒரு படையே வருது. எல்லாம் உன் வேலிப்பக்கமிருந்துதான் வருது.”

“என் பக்கமிருந்தா?” லீலண்டின் குரல் பாதியாகிவிட்டது. லூலா கொஞ்ச காலமாக ராத்திரியானால் வேலிக்கடியில் தோண்டிக்கொண்டு ஊர்சுற்றப் போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

“துப்பாக்கிக்குப் புது ஸ்கோப் வாங்கிருக்கேன். இருட்டுல உடம்புச் சூட்ட வெச்சே காட்டிக் குடுத்துடும். இன்னிக்கு ராத்திரி போறோம். தலைவர் இல்லாமப் போனா நல்லாவா இருக்கும்?”

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சரி என்றார்.

பொழுது சாய்ந்ததும் ஆர்டித் சமையலறைக் கதவில் வந்து நின்றாள். “லூலா கிளம்பிப் போயிட்டா. டாயில்கிட்ட உண்மையச் சொல்லிடேன்.”

“சொல்லிட்டு? நாளைக்குத் தீவனக் கடையில எப்படி மூஞ்சியக் காட்டறது?”

“மூஞ்சி பெரிய மூஞ்சி. நான் தினம் பாத்துக்கிட்டுதான இருக்கேன்.” அப்புறம் சிரிப்பில்லாமல் சொன்னாள்: “அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ இந்த வாசப்படி ஏறாத.”

லீலண்ட் ஒரு திட்டத்தோடுதான் போனார். தன்னுடைய பிக்கப் வண்டியில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பன்றிகள் தென்பட்டதும், ஏதோ முழங்கை பட்டதுபோல ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினால் போதும். எல்லாம் திசைக்கொன்றாக ஓடிவிடும். லூலாவும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். நினைத்துப் பார்க்க அவருக்கே தன் மூளைமேல் மதிப்பு வந்தது.

டாயிலின் கடலைக்காட்டை ஒட்டிய ஓட்ஸ் வயல் ஓரத்தில் விளக்கை அணைத்துவிட்டு நின்றார்கள். டாயில் வண்டியின் பின்தட்டில் ஏறி, கூரைமேல் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டார். லீலண்ட் ஓட்டுநர் இருக்கையில் உடம்புச் சூட்டைக் காட்டும் தன் பழைய கருவியைக் கண்ணில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துப் புதருக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக உருவங்கள் வந்தன. பெரியவை மூன்று, மற்றவை நடுத்தரம், கீழே பொடிப்பொடியாகக் கொஞ்சம். கருவியில் எல்லாம் ஒரே வெள்ளை. எது லூலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

“பெருசுல ஆரம்பிக்கிறேன்” என்று டாயில் மேலிருந்து முணுமுணுத்தார்.

லீலண்ட் ஹாரனை அழுத்தினார். அழுத்திய அழுத்தில் ஊரே எழுந்திருக்கும்.

“யோவ், அறிவிருக்கா?” என்றார் டாயில்.

பன்றிகள் தலையைத் தூக்கின. ஒன்றுகூட ஓடவில்லை. வண்டியைப் பார்த்துத் திரும்பின. அப்புறம் எல்லாம் சேர்ந்து, குஷியாக, குதித்துக்கொண்டு வண்டியை நோக்கி ஓடிவந்தன.

காலையில் மாடுகளுக்குத் தீனி போடுவது ஆர்டித்தின் வேலை. தீவனக் கட்டிகளை இதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நீளமாக ஹாரன் அடிப்பாள். அந்தப் பக்கத்தில் எல்லாப் பண்ணையிலும் மாட்டைக் கூப்பிடுவது அப்படித்தான். மாடுகளோடு லூலா வந்தது. லூலாவோடு அதன் சேர்க்கை வந்தது. ஆர்டித்தும் யாரையும் பட்டினி போடவில்லை. ஹாரனுக்குப் பன்றிகளும் வரும் என்பது தலைவருக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் அவர் டவுனில் காப்பி குடித்தபடி பன்றிகளைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பன்றிகள் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தன. டாயில் துப்பாக்கியைக் கீழே சாய்த்தார். “கண்ண மூடிட்டு சுட்டாலும் விழும்” என்றார். குழல் நின்ற இடத்தில் பெரிய உருவம் ஒன்று இருந்தது.

“டாயில், சுடாத.”

“ஏன்?”

“அது எங்க வீட்டுது.”

“எது?”

எது என்று அவருக்கே தெரியாதே. லீலண்ட் கதவை லேசாகத் திறந்தார். ஆர்டித் கூப்பிடுகிற மாதிரியே, கீச்சுக்குரலில், “லூலா கண்ணு, இங்க வாடி செல்லம்” என்றார். பெரியவற்றில் ஒன்று வந்து அவர் முழங்காலில் மூக்கை வைத்தது. அதன் பின்னால் பொடிசுகள் வரிசையாக வந்து, அதன் மடியைத் தேடி முட்டின.

டாயில் பின்தட்டில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்படியொரு சிரிப்பு. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “ஊர்ப்பன்னிக்கெல்லாம் தாத்தாவாடா நீ? என் கடலையத் தின்னது உன் பேரப்பிள்ளைங்களா?”

சிரிப்பு அடங்கியபோது டாயில் முகம் மாறியிருந்தது. கூட்டத்தைச் சுடப் போனால் இரண்டு மூன்று விழும், மிச்சம் தப்பித்து விவரமாகிவிடும். குழு போட்ட பெரிய கம்பிக் கூண்டோ, ஒரு பன்றியும் எட்டிப்பார்க்காமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. இங்கே என்னடாவென்றால் கூப்பிட்டால் வருகிற பன்றிகள்.

“உன் லூலாவ விட்டுடறேன். யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்” என்றார் டாயில். “மத்ததெல்லாம் கூண்டுக்கு வரணும். நீதான் ஹாரன் அடிக்கணும்.”

“குட்டிங்க?”

“குட்டிய விட்டா அடுத்த வருஷம் குடும்பமாத் திரும்பி வரும். நான் சொல்லலப்பா, போன கூட்டத்துல நீ சொன்னதுதான்.”

வாஸ்தவம். மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருந்தார். இப்போது தலையை ஆட்டினார்.

விடிவதற்கு முன்னால், குட்டிகள் வெளியே நிற்க, லூலா மட்டும் வீட்டுக் கொட்டகையில் அடைபட்டது. லூலா பத்திரமாகத் திரும்பிய சந்தோஷத்தில் ஆர்டித் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கணவனைக் கட்டிப்பிடித்து, “நீ நல்லவன்தான், வெளியில காட்டிக்க மாட்ட” என்றாள். லீலண்டுக்கு அது நெஞ்சில் குத்தியது. திரும்ப வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வெளுக்கிற நேரத்தில் கூண்டுக்குள் தீவனக் கட்டிகளைக் கொட்டிவிட்டு, கூண்டுக்கு மறுபக்கம் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். புதரிலிருந்து முதலில் வந்தவை குட்டிகள். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கூண்டுக்குள் ஓடின. பெரியவை பின்னால் வந்தன. டாயில் கையிலிருந்த பொத்தானை அமுக்கினார், கதவு விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை லீலண்ட் பார்க்கவில்லை. வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

தீவனக் கடையில் அன்றைக்கு அவருக்கு ராஜமரியாதை. ஒரே காலையில் ஒரு கூட்டத்தையே, ஒன்று தப்பாமல் பிடித்த ஆள் அந்த வட்டாரத்தில் அதுவரை இல்லை. எப்படி என்று கேட்டார்கள். டாயில் வாக்குத் தவறவில்லை. “அவனுக்குப் பன்னி மனசு தெரியும்” என்று மட்டும் சொன்னார். ஆயுசுக்கும் லீலண்டே தலைவராக இருக்கட்டும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். மூஞ்சியைக் காட்டுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது லூலா கொட்டகைப் பலகையை மோதிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் என்று தெரிந்தது. ஒரு பலகை பிளந்திருந்தது. ஆர்டித் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

“காலையில ஹாரன் கேட்டுச்சு” என்றாள்.

“நான்தான் அடிச்சேன்.”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒருநாள் நீ மாட்டுக்குத் தீனி போட்டதில்ல.”

லீலண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“குட்டிங்களும் வந்துச்சா?”

“நான் கவனிக்கல.”

ஆர்டித் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுங்கதான எப்பவும் முதல்ல ஓடிவரும்” என்றாள்.