தையலுக்குத் துணி விடாதவர்

என் வீட்டுக்காரர் இறந்து ஒரு மாதம் கழித்து, அவர் வேலை பார்த்த பம்பு தொழிற்சாலையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து மேசைகளை ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மைக் முதல் ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தியது. அவர் இருந்திருந்தால் பேச வந்தவரை இறக்கிவிட்டு அதைப் பிரித்துப் போட்டிருப்பார்.

முதலில் மேலாளர் பேசினார். "முப்பத்தஞ்சு வருஷத்துல அவர் குடுத்த ஒரு அளவுகூடத் தப்பினதில்ல" என்றார். அடுத்து என் பெரியவன் மூன்று பக்கம் படித்தான். அப்பா வடிவமைத்த பம்புகள், வாங்கிய பரிசுகள், வாசித்த புல்லாங்குழல், வரைந்த ஓவியங்கள் எல்லாம் இருந்தன. பிள்ளைகளுக்கு அவரே முடி வெட்டியதையும் சேர்த்திருந்தான். ரசமட்டத்தை நெற்றியில் வைத்துப் பார்த்து வெட்டியதை மட்டும் விட்டுவிட்டான்.

எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. புகழ்ச்சி பிடிக்காமல் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்த சின்னவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அங்குலம் குறுகிக்கொண்டிருந்தாள். அதே தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. போன வாரம் அவள் கொடுத்த அளவில், பம்புக்குள் சுழலும் ஷாஃப்ட்டுகள் எட்டு குட்டையாகிவிட்டன. "அப்பா பேரக் கெடுத்துட்டேம்மா. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வேல பாப்பேன்?" என்று காலையில் அழுதவள், ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் மேலாளரிடம் கொடுப்பதாகத் திட்டம். பள்ளிக்கூடம் படிக்கும்போதிலிருந்து அவளுக்கு இந்த வேலை ஒன்றின் மேல்தான் ஆசை.

ஓர் அளவுகூடத் தப்பாதவராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். யாரும் கூப்பிடாமலே எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். பெரியவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். என் வாய் அவனுக்குத் தெரியும்.

"அவருக்குத் தப்பே வராதுன்னீங்க. நான் ஒண்ணு சொல்றேன்," என்று ஆரம்பித்தேன்.

"சின்னவளுக்கு ஒரு வயசு முடியறப்போ, சட்டை நானே தைக்கிறேன்னு உக்காந்தாரு. தையல்காரர்கிட்ட குடுங்கன்னேன். 'பம்பே செய்யறேன், ஒரு சட்டை வராதா'ன்னாரு. கொழந்தைய மேசைமேல நிக்க வச்சு, பட்டறையில வச்சு அளக்கற வெர்னியரால அளந்தாரு. இரும்பு சில்லுன்னு பட்டதும் அது வீல்னு கத்துச்சு. மூணு நாள் படம் வரைஞ்சாரு. முன்னால இருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு, மேல இருந்து ஒண்ணு. அப்புறம் அந்த அளவுக்கு நூல் பிசகாம வெட்டினாரு. தையலுக்குன்னு ஓரத்துல துணி விடணும்ல? அது அவருக்குத் தோணவே இல்ல."

முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"ஓரமெல்லாம் மடிச்சுத் தச்சதும் பொம்மைச் சட்டை ஆயிடுச்சு. இவரு ஒத்துக்கல. மூணு நாள்ல புள்ள பெருத்துடுச்சுன்னாரு. அமுக்கிப் போட்டு விட்டாரு. ஒரு கை உள்ள போச்சு, திரும்பி வரல. கடைசியில முதுகுப் பக்கம் வெட்டித்தான் கொழந்தைய வெளிய எடுத்தோம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. இன்னிக்கு மீறிட்டேன். வந்து கேக்கட்டும்."

கூடமே சிரித்தது. பட்டறை மேஸ்திரி பின்வரிசையிலிருந்து எழுந்தார். "அண்ணி, அந்த மஞ்சச் சட்டையா? அது எங்க லேத்து மெஷினுக்கு மேலதான தொங்குது. வெட்டறதுக்கு முன்னால அதப் பாத்துட்டு வெட்டுங்கடாம்பாரு. எதுக்குன்னு கேட்டா மட்டும் வாயத் தெறக்க மாட்டாரு."

எனக்கே அது புதுச் செய்தி. குப்பையில் போட்டுவிட்டேன் என்றல்லவா என்னிடம் சொன்னார். கண் நிறைந்துவிட்டது. இந்த வயதில் அந்த மனிதர் மேல் அப்படி ஓர் ஆசை வந்தது.

அப்போது சின்னவள் எழுந்தாள். "நானும் அதேதான் செஞ்சேன்," என்றாள். "கடைசியா ரெண்டு முனையையும் சீவறதுக்குக் கொஞ்சம் விடணும். அத விடாம, முடிஞ்ச அளவையே வெட்டற அளவாக் குடுத்துட்டேன்."

மேஸ்திரி இடுப்பில் கை வைத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கு," என்றார். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒரு மாதத்தில் முதல் முறையாக.

கூட்டம் கலைந்ததும் மேலாளர் அவளிடம் வந்தார். அவள் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். அதைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பேனாவைத் தேடி எடுத்து, அந்த எட்டு ஷாஃப்ட்டுகளையும் சின்ன பம்புகளில் எப்படிப் பொருத்தலாம் என்று வெற்றுப் பக்கத்தில் வரைந்து காட்ட ஆரம்பித்தாள். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"வாடி, வீட்டுக்குப் போகலாம்," என்று கூப்பிட்டேன்.

"ரெண்டு நிமிஷம்மா."

அவருடைய ரெண்டு நிமிஷத்தை முப்பத்தெட்டு வருஷம் பார்த்தவள் நான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன்.