காதோரச் சாயம்

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் முடிதிருத்தும் கடை. கடைத்தெருவில் அண்ணனுக்கு மைனர் என்று பெயர். முதல் நரை எட்டிப்பார்த்த நாளிலிருந்து தலைக்கும் மீசைக்கும் டை பூசாமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தம்பி அதற்கு நேரெதிர். பாதித் தலை நரைத்தும் ஒரு சொட்டு டை வைத்துக்கொண்டது கிடையாது.

"முடி வெட்டுறவன் தலையே இப்படி இருந்தா கடைக்கு எவன்டா வருவான்?" என்பார் அண்ணன்.

"உன் அழகைப் பாத்து உள்ள வர்றவன் என் நாற்காலியில உக்காந்துட்டுப் போறான். விடுண்ணே" என்பான் தம்பி.

மாதக் கடைசியில் கதவைச் சாத்திவிட்டு ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்கள். வேறொருவன் கத்தரியை நம்பித் தலையைக் கொடுக்க இருவருக்கும் மனம் வராது. அண்ணனின் காதுமடலில் நீலமும் கறுப்புமாக ஏதோ படிந்திருப்பதைத் தம்பி பல வருஷமாகப் பார்த்தவன்தான். "பூசுறதுதான் பூசுற, காதுல வழியாம பூசக் கூடாதா?" என்று பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்ப்பான். போகாது. மட்டமான டை என்று திட்டிவிட்டு அடுத்த மாதமும் தேய்ப்பான். ஊரிலுள்ள காதையெல்லாம் மடக்கிப் பார்க்கிற தொழிலில் இருந்துகொண்டு சொந்த அண்ணன் காதில் கோட்டைவிட்டான். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

முதலில் அண்ணனுக்கு முதுகு விறைத்தது, பிறகு முழங்கால். நின்றே செய்கிற வேலை, வராமல் இருக்குமா என்று தைலம் தேய்த்தார்கள். அப்புறம் வலது தோள் பூட்டிக்கொண்டது. கத்தரியை அடுத்தவர் தலை உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. மைனர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலானார். இரண்டு குடும்பமும் தம்பியின் ஒரு கையை நம்பி நின்றன. அவன் தன் தலைக்குத் தானே மெஷினை ஓட்டிக்கொண்டான்.

முழங்கால் மூட்டை மாற்றியபோதுதான் விஷயம் வெளிவந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு கரியாக இருந்ததாம். டாக்டர் தம்பியைக் கூப்பிட்டார்.

"அண்ணன் காது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"அது டை, சார்."

"டை இல்லைங்க. ஒரு பொருளை உடைக்கிற சக்தி அவர் உடம்புக்குப் பிறவியிலேயே இல்லை. அது சேர்ந்து சேர்ந்து காதுலயும் மூட்டுலயும் கறுப்பா படிஞ்சு, மூட்டை அரிச்சிருச்சு. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் வெளிய தெரியாம இருந்து வந்தது. கூடப்பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க."

இதை அண்ணனிடமும் சொன்னார்கள். "எடுத்துட்டியா?" என்று கேட்டபோதெல்லாம் "நாளைக்குப் போறேண்ணே" என்றான் தம்பி. போகவில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் அவனுக்கும் தோள் கடுக்கிறது. பயம், வேறொன்றுமில்லை. முன்னும் பின்னும் கண்ணாடி மாட்டிய கடையில் தன் காதை மட்டும் பார்க்காமல் நாளை ஓட்டினான்.

அண்ணன் கோல் ஊன்றி மறுபடி கடைக்கு வந்த அன்று தம்பியின் தலையைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னடா இது, எலி கரண்டின மாதிரி? உக்காரு."

"உன்னால கை தூக்க முடியாதேண்ணே."

"தூக்க முடியாட்டி என்ன? நீ கீழ உக்காரு."

வாடிக்கையாளர் நாற்காலியில் அண்ணன் அமர்ந்தார். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான் தம்பி. தலை அண்ணனின் மடி உயரத்துக்கு வந்தது. கத்தரி பழைய வேகத்தில் ஓடியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தம்பிக்குக் கண் நிறைந்தது.

அண்ணன் காதை மடக்கினார். கத்தரி நின்றது.

தம்பி திரும்பவில்லை. தரையிலிருந்து கண்ணாடி தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஸ்பிரிட் புட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. காதில் ஈரப் பஞ்சு பட்டது.

"டை ஒட்டியிருக்குடா" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே" என்றான் தம்பி. "நல்லா அழுத்தித் தேய்."

தூக்க முடியாத அந்தக் கையால் மைனர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.